துயிலச் செய்து விழித்திருப்போர்

நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ எவருக்கேனும் ஆபரேஷன் என்றால் நாம் முதலில் கேட்பது, "எந்த டாக்டர் செய்கிறார்?" என்பதே. வீரகேரளம்புதூரிலிருந்து தென்காசிக்குப் போனாலும் சரி, திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, கத்தி பிடிக்கும் டாக்டரின் பெயரையும் அவருடைய கைராசியையும் நன்கு விசாரித்து வைத்துக் கொள்கிறோம். ஆனால் அதே அறையில், நோயாளியின் தலைமாட்டில், ஆபரேஷன் தொடங்குமுன்பே வந்து நின்று, அது முடிந்து நோயாளி கண் விழிக்கும் வரை அவ்விடம் விட்டு அகலாத இன்னொரு டாக்டர் இருக்கிறார். அவருடைய பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மயக்க மருந்து டாக்டர் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடும் அவருடைய பணியைப் பற்றி இங்கே காண்போம்.

மயக்க மருந்து இல்லாத உலகம் எப்படி இருந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே கடினம். நம் நாட்டின் பழம்பெரும் மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, கத்தி வைக்குமுன் நோயாளிக்கு உணவு கொடுக்கவும், வலி தெரியாதிருக்கக் கடுமையான மது கொடுக்கவும் சொல்கிறது. மேல்நாடுகளிலும் மதுவும் அபினுமே துணை. அவையும் போதாதபோது கைகால்களைப் பிடித்துக் கொள்ள வலுவான ஆட்கள் நின்றனர். அக்காலத்தில் சிறந்த அறுவை மருத்துவர் என்றால் விரைந்து முடிப்பவர் என்று பொருள். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி அம்மையாருக்கு 1811 இல் பாரிஸ் நகரில் மார்பக நோய்க்காக அறுவை நடந்தது. மது கலந்த ஒரு பானத்தைத் தவிர வேறு எதுவும் தரப்படவில்லை. முழு நினைவோடு அதைத் தாங்கிய அவர், பல மாதங்கள் கழித்தே தம் சகோதரிக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுத முடிந்தது. அதன் பிறகு 1840 வரை அவர் உயிர் வாழ்ந்தார் என்பதால் அறுவை பலன் தந்தது என்றே கொள்ளலாம். எனினும் அத்தகைய துணிவு எல்லோர்க்கும் வாய்க்குமா? வலிக்கு அஞ்சி, "இப்படியே செத்துப் போகிறேன்" என்று இருந்து விட்டவர்களே மிகுதி. வயிற்றையும் நெஞ்சையும் திறந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய சிகிச்சைகளைப் பற்றி நினைக்கவே இடமில்லை.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்னும் நீர்மத்தின் ஆவியை ஒரு நோயாளி முகரும்படி செய்தார். டாக்டர் வாரன் அவருடைய கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை! அந்த நாளைத்தான் இன்றும் உலக மயக்கவியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். செய்தி கப்பலில்தான் வர வேண்டும் என்ற அக்காலத்திலும், அடுத்த ஆண்டாகிய 1847 இலேயே கல்கத்தாவில் ஈதர் பயன்பட்டது. அதே 1847 நவம்பரில் ஸ்காட்லாந்தில் டாக்டர் சிம்சன், குளோரோபாரம் என்ற மற்றொரு மருந்தைக் கண்டு, பிரசவ வேதனைக்கும் அதைக் கொடுக்கலானார். "வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று வேதத்தில் இருக்கிறதே, இது தகுமா?" என்று சிலர் கேட்டபோது, ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவர் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினார் என்ற தொடக்க நூல் செய்தியையே அவர் எடுத்துக் காட்டினாராம். வேதம் கேட்டவருக்கு வேதத்தாலேயே விடை!

குளோரோபாரம் ஈதரைப் போல எளிதில் தீப்பற்றுவதில்லை. முகர்ந்த சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆகவே உலகெங்கும் அது பரவியது. ஆனால் அது வந்து மூன்று மாதம் கூட நிறையவில்லை, 1848 சனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிரீனர் என்ற சிறுமிக்குக் கால் விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஏற்கனவே வேறொரு விரலுக்கு ஈதர் கொடுத்துச் செய்தாயிற்று. இம்முறை குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிடங்களுக்குள் ஹன்னா இறந்து போனாள். அவளுக்கு வயது 15. நம் பள்ளியில் இருந்திருந்தால் பத்தாம் வகுப்பு மாணவி. உயிருக்கு ஒரு கேடும் இல்லாத ஒரு நகத்துக்காக ஒரு சிறுமி இறந்தாள் என்பதுதான் மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. அறுப்பவர் தவறு செய்யாமலே, மயங்க வைத்த மருந்தினால் மட்டும் உயிர் போகக்கூடும் என்றால், அந்த மருந்தைக் கையாள்வது தனியே கற்க வேண்டிய ஒரு கலை அன்றோ?

ஹன்னா எதனால் இறந்தாள்? இதயம் நின்றதாலா, மூச்சு நின்றதாலா? இக்கேள்விக்கு விடை காண்பதில் நம் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற ஆங்கில மருத்துவர் பணியாற்றி வந்தார். "மூச்சைக் கவனி, நாடியைப் பற்றிக் கவலைப்படாதே" என்பது எடின்பரோவில் அவர் பயின்ற பாடம். "நாடியைக் கவனி, இதயம்தான் முதலில் நிற்கும்" என்பது லண்டன் மருத்துவர்கள் பலருடைய கட்சி. நிசாம் மகபூப் அலிகானின் பொருளுதவியோடு 1888 இல் லாரி ஓர் ஆய்வுக்குழு அமைத்தார். நாய்களுக்குக் குளோரோபாரம் கொடுத்துப் பார்த்ததில் மூச்சே முதலில் நிற்கிறது என்று கண்டார். லண்டனிலிருந்து வெளிவந்த 'லான்செட்' என்ற மருத்துவ இதழ் இதை ஏற்கவில்லை. ஆகவே நிசாம் மீண்டும் பணம் கொடுக்க, 1889 இல் இரண்டாம் குழு கூடியது. லாடர் பிரன்டன் என்ற புகழ் பெற்ற மருத்துவர் லண்டனிலிருந்தே வந்து கலந்து கொண்டார். நூற்றுக்கணக்கான வாயில்லாப் பிராணிகள் மாண்டன. படிக்கும்போது நெஞ்சு வருந்தத்தான் செய்கிறது. முடிவு முன்போலவே: மூச்சுதான் முதலில் நிற்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1911 இல் லெவி என்ற ஆங்கில மருத்துவர், மயக்கம் ஆழமாக இல்லாதபோது குளோரோபாரம் இதயத்தைத் திடீரெனத் தாறுமாறாகத் துடிக்க வைத்து நிறுத்திவிடக் கூடும் என்று காட்டினார். ஆகவே இரு கட்சியாரும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக் கொண்டே இத்தனை ஆண்டுகள் வாதாடியிருக்கிறார்கள்! மூச்சையும் பார்க்க வேண்டும். நாடியையும் பார்க்க வேண்டும். இன்று குளோரோபாரம் ஆபரேஷன் அறையை விட்டே போய்விட்டது. ஆனால் அந்த இரட்டைக் கண்காணிப்பு மட்டும் நிலைத்து விட்டது.

அதே ஐதராபாத்தில், அதே ஆண்டுகளில், மாணவியராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் இருந்தார். பார்சி சமூகத்தைச் சேர்ந்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி, பெண்கள் படி தாண்டவே தயங்கிய 1885 இல் ஐதராபாத் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1889 இல் பயிற்சி முடித்து, அந்நகர மருத்துவமனைகளில் குளோரோபாரம் கொடுக்கும் பணியையே தம் பணியாகக் கொண்டார். உலகிலேயே முதன்முதலாக இத்துறையில் ஈடுபட்ட பெண் மருத்துவர்களில் ஒருவராக இன்று அவர் போற்றப்படுகிறார். மருந்தின் இயல்பை முற்றும் அறிய வேண்டுமானால் பௌதிகமும் இரசாயனமும் தேவை என்று கருதி, 1909 இல் எடின்பரோ சென்று அவற்றையும் பயின்றார். பௌதிகப் பாடத்தைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மிடையே சிலர் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மயக்கம் என்பதை நாம் உறக்கம் என்று எண்ணிக் கொள்கிறோம். அது சரியன்று. உறங்குபவரைத் தட்டினால் எழுவார். உறங்கும்போது எச்சில் தொண்டையில் இறங்கினால் தாமே இருமுவார். மயக்க மருந்தில் ஆழ்ந்தவருக்கு இருமலும் வராது; விழுங்கவும் தெரியாது. மேலும், வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்ய வேண்டுமானால் தசைகள் இறுகி நிற்காமல் தளர வேண்டும். இதற்கு உதவியது எது தெரியுமா? தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவி வேட்டையாடிய குராரே என்னும் நஞ்சு. 1942 இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் டாக்டர் கிரிஃபித் அதை மருந்தாக மயக்கத்தின்போது கொடுத்துக் காட்டினார். இன்று அதன் வழி வந்த வேறு மருந்துகள் பயன்படுகின்றன. தசைகளைத் தளர்த்தும் மருந்து வயிற்றுத் தசையை மட்டும் தளர்த்தி, மூச்சுத் தசையை விட்டுவிடுமா? விடாது. மூச்சும் நின்று போகும். அந்த நிமிடத்திலிருந்து நோயாளிக்காக மூச்சு விடுபவர் மயக்க மருந்து டாக்டரே. மூச்சுக் குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, பிராணவாயுவை அளவாக உள்ளே அனுப்பி, வெளிவரும் காற்றையும் அளந்து, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடற்சூடு, இழந்த இரத்தம், கொடுத்த நீர் அனைத்தையும் கணக்கிட்டபடியே அவர் இருக்கிறார். கத்தி பிடித்தவர் தம் வேலையில் ஆழ்ந்திருக்க முடிவது இதனால்தான்.

மூச்சுப் பாதை அடைபடுவது எவ்வளவு கொடியது என்பதை நம் தென் தமிழகத்தோடு தொடர்புடைய ஒருவர் தம் உடலிலேயே அறிந்தார். குமரி மாவட்டம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்து, பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்த டாக்டர் சாமர்வெல் ஒரு மலையேறி. 1924 சூனில் எவரெஸ்டு சிகரத்தில் பிராணவாயு உருளை இல்லாமலே ஏறத்தாழ 8,500 மீட்டர் வரை ஏறித் திரும்பும் வழியில், கடுங்குளிரால் வெந்த தொண்டையின் உட்சவ்வு உரிந்து குரல்வளையை அடைத்துக் கொண்டது. முன்னே சென்ற தோழரைக் கூப்பிடவும் குரல் எழவில்லை. பனியில் உட்கார்ந்து விட்டார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தம் நெஞ்சை ஓங்கி அழுத்தவே அடைப்பு வெளியே வந்து விழுந்தது, மூச்சு வந்தது. அதன் பிறகு அவர் நெய்யூருக்குத் திரும்பி, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சை செய்தார். அன்று அவருக்கு இருந்தது முழு நினைவும் இரண்டு கைகளும். மயக்கத்தில் கிடப்பவருக்கு இரண்டும் இல்லை.

இங்கேதான் தாய்மாருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் ஆபரேஷன் என்றால் இரவிலிருந்து குழந்தைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆனால், "பச்சைப் பிள்ளை, பசி தாங்குமா? ஒரு இட்லிதானே!" என்று பாட்டிமார் இரக்கப்பட்டுக் கொடுத்து விடுவதுண்டு. கேட்டால் டாக்டர் கோபிப்பாரே என்று மறைத்தும் விடுவார்கள். மயக்கத்தில் இரைப்பையின் வாய் தளரும்போது அந்த ஓர் இட்லி மேலே வரும். இருமல் இல்லாததால் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். அதோடு வரும் இரைப்பை அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். உயிருக்கே ஆபத்தாகும். பொதுவாக வயிறு நிறைய உண்ட உணவுக்கு 8 மணி நேரமும், இலேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரமும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. காபியில் பால் இருப்பதால் அது தண்ணீர்க் கணக்கில் சேராது! தெரியாமல் கொடுத்துவிட்டால் சொல்லி விடுவதே நல்லது. அவசரமில்லாத ஆபரேஷன் தள்ளிப் போகும், அவ்வளவுதான். (உணவு கொடுத்து அறுவை செய்யச் சொன்ன சுசுருதர் காலத்தில், நோயாளி இருமும் வலுவை இழக்குமளவு மயங்கவில்லை என்பதையும் நினைவில் கொள்க.)

முதல் நாள் அந்த டாக்டர் வந்து, "வாயை நன்றாகத் திற, நாக்கை நீட்டு, கழுத்தை அண்ணாந்து பார்" என்று சொல்வது விளையாட்டன்று. குழாய் செல்லும் வழி எப்படி என்று பார்க்கிறார். ஆடும் பல் இருந்தால் அது விழுந்து உள்ளே போய்விடலாம். நெடுநாள் வெற்றிலை பாக்கும் புகையிலையும் போட்டு வாய் திறக்க முடியாதவர்களுக்கு முன்னேற்பாடு வேண்டும். வீசிங், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, நாட்டு மருந்து, முன்பு ஏதேனும் ஊசி ஒத்துக் கொள்ளாமல் போனது, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தின்போது கடும் காய்ச்சல் கண்டது ஆகிய அனைத்தும் அவருக்குத் தெரிய வேண்டும். நகப்பூச்சை அழிக்கச் சொல்வதும் விரலில் மாட்டும் கருவிக்காகவே. இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று ஒளியைப் பாய்ச்சி அளக்கும் அக்கருவியின் தத்துவத்தை 1974 இல் வெளியிட்டவர் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. ஆபரேஷன் அறைக்குள் மட்டும் இருந்த ஆக்சிமீட்டரை 2020 இலும் 2021 இலும் கொரோனா நாட்களில் நம் ஊர்ப் பாட்டிமாரும் விரலில் மாட்டிக் கொண்டு, "தொண்ணூற்றெட்டு" என்று வாசிக்கக் கற்றுக் கொண்டார்கள்.

எல்லா ஆபரேஷனுக்கும் முழு மயக்கம் தேவையில்லை. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் மருந்தைச் செலுத்தி இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகச் செய்யும் முறையை 1898 இல் ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பீர் கையாண்டார். இன்று சிசேரியன் பிரசவங்களில் பெரும்பாலானவை இம்முறையிலேயே நடக்கின்றன. தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறாள். "அந்த முதுகு ஊசியால்தான் எனக்கு ஆயுளுக்கும் இடுப்பு வலி" என்று நம் பக்கத்தில் சொல்லாத அக்காமார் குறைவு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணமன்று என்றே ஆய்வுகள் கூறுகின்றன. கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைகளும், குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிரும் வேலையும், ஓய்வின்மையுமே பெரும்பாலும் காரணம். பாவம், பழி மட்டும் ஊசிக்கு! பிறந்த குழந்தையின் நிறம், இதயத் துடிப்பு, மூச்சு, தசை வலு, தூண்டினால் முகம் சுளித்தல் என்ற ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, பத்துக்கு எத்தனை என்று உலகெங்கும் பார்க்கிறார்களே, அந்த முறையை 1952 இல் வகுத்தவரும் ஒரு மயக்கவியல் மருத்துவரே. அவர் அமெரிக்காவின் வர்ஜினியா ஆப்கர் என்ற பெண்மணி.

அதே 1952 இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் முதல் மூன்று வாரங்களில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்து போயினர். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார்கள். "ஆபரேஷன் அறையில் நாங்கள் நாள்தோறும் செய்வதை இங்கும் செய்து பார்ப்போமே" என்பது அவருடைய எண்ணம். சாகும் தறுவாயிலிருந்த விவி என்ற 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். உடனே ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக் கொண்டு, இரவும் பகலும், மாதக்கணக்கில் நோயாளிகளின் அருகே அமர்ந்து அந்தப் பைகளைக் கையால் அழுத்திக் கொண்டே இருந்தார்கள்! எத்தனை இளம் கைகள்! தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் கூறும் ஐ.சி.யூ. பிறந்தது அங்கேதான்.

கருவிகள் மூச்சுக் கொடுக்கத் தொடங்கியதும் புதிய கேள்விகள் எழுந்தன. அவற்றை மயக்கவியல் மருத்துவர்களே திருத்தந்தை 12ஆம் பத்திநாதரிடம் கொண்டு சென்றார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1957 பிப்ரவரி 24 அன்று, இத்தாலிய மயக்கவியல் சங்கத்தார் கேட்ட மூன்று கேள்விகளுக்கு அவர் விடையளித்தார். வலியைப் போக்கிக் கொள்வது கிறிஸ்தவருக்குத் தகும். மரணத் தறுவாயில் இருப்பவர் தம் கடமைகளை நிறைவேற்றியிருந்தால், வேறு வழியில்லாதபோது, வலி தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கும் என்று தெரிந்தாலும், சாவை நோக்கமாகக் கொள்ளாமல் அதைக் கொடுக்கலாம் என்றார். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று, மீண்டும் நினைவு திரும்ப வழியில்லாத நோயாளிக்குக் கருவியால் மூச்சுக் கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, வழக்கமான சிகிச்சைகளைச் செய்யவே கடமை உண்டு, அளவு கடந்த முயற்சிகளுக்குக் கடமை இல்லை என்று விளக்கினார். ஐ.சி.யூ. வாசலில் தவித்து நிற்கும் குடும்பங்கள் இன்றும் கேட்கும் கேள்வி அல்லவா இது?

ஆபரேஷன் முடிந்ததும் தையல் போட்டவர் கையுறையைக் கழற்றி விடலாம். மயக்க மருந்து டாக்டரின் மிக நுட்பமான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மருந்துகளை நிறுத்தி, தளர்ந்த தசைகள் வலுப்பெற்றனவா, நோயாளி தாமே மூச்சு விடுகிறாரா என்று பார்த்துத்தான் குழாயை எடுக்க வேண்டும். "கண்ணைத் திற, கையைப் பிடி, உன் பேர் என்ன?" என்று கேட்பதெல்லாம் அதற்காகவே. விமானம் தரையிறங்குவதைப் போன்றது இது என்று அத்துறையினர் சொல்வார்கள். பிறகு சில மணி நேரம் மூச்சு, வாந்தி, நடுக்கம், வலி ஆகியவற்றைக் கண்காணிக்கிறார்கள். வலியைத் தாங்கிக் கொண்டு பேசாமல் கிடப்பது வீரமன்று. வலிக்குப் பயந்து ஆழ்ந்து மூச்சு விடாமலும் இருமாமலும் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும். எழுந்து நடக்காவிட்டால் காலில் இரத்தம் உறையும். ஆகவே வலிக்கிறது என்றால் நர்சிடம் சொல்ல வேண்டும்.

இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவியர் மேல்நிலை வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்து, நீட் தேர்வு எழுதி, எம்.பி.பி.எஸ். படிப்பை ஓராண்டுப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகளில் முடித்து, பின்னர் மூன்றாண்டு எம்.டி. மயக்கவியல் படிக்க வேண்டும். மருத்துவராக இயலாதோர்க்கும் வழி உண்டு. ஆபரேஷன் அறையிலும் மயக்க மருந்துக் கருவிகளிலும் துணை நிற்கும் தொழில்நுட்பவியலாளருக்கான பி.எஸ்ஸி. பட்டப் படிப்பு தமிழகத்தில் உள்ளது. இரண்டுக்கும் பௌதிகம் வேண்டும்.